இத்தாலிக் கொலைகாரனும் என் நாற்பது நாள் லீவும்

இந்தத் தடவை ஊரைவிட்டுத் திரும்புவதற்குள் என் மனைவியை ஏங்க வைத்துவிட வேண்டும் என்று ஷார்ஜாவில் விமானம் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வருடமாக ஏங்கியது நான்தான். வருடத்துக்கு நாற்பது நாள் ஊரில் இருப்பேன். மிச்ச நாளெல்லாம் போனில் இருப்பேன். நான் "சாப்பிட்டியா?" என்று உருகுவேன். அவள் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பாள்.

காயல்பட்டினத்தில் நாங்கள் இருப்பது என் மனைவி பாஹிமாவின் வீடு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், எங்கள் ஊர் வழக்கம் அது. லீவில் வந்தால் முதல் மூன்று நாள் ஆட்டுக்கறி, சீலா மீன், பாயசம். நாலாவது நாள் ரசம். ஐந்தாவது நாள், "கொஞ்சம் காலத் தூக்குங்க மச்சான், கூட்டணும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. மகள் யுஸ்ரா பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி. தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுப்பது பாஹிமாதான். நான் இல்லாமலே ஓடிப் பழகிவிட்ட வீடு. அதில் நான் எங்கே நின்றாலும் யாராவது நடக்கிற வழியை மறித்துக்கொண்டுதான் நின்றேன்.

அதற்காகத்தான் பெட்டியில் ஓர் ஆயுதம் கொண்டுவந்திருந்தேன். ஓர் இத்தாலிய மர்மப்படத்தின் டிவிடி. அட்டையில் சிவப்புத் திரைச்சீலை, பளிங்குப் படிக்கட்டு, கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, கையில் சவரக் கத்தி. ஷார்ஜாவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கடைசிப் பத்து நிமிடம் வரை கொலைகாரன் யாரென்று யாராலும் சொல்ல முடியாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். என் அறையில் கூடத் தங்கியிருக்கும் அஃப்ஸல் மூன்று மாதம் கெஞ்சினான். நான் பிரிக்கவே இல்லை. முதல்முதலாக அவளோடுதான் பார்ப்பது என்று வைத்திருந்தேன்.

திட்டம் இதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் பத்து நிமிடம் மட்டும் படம். பத்தாவது நிமிடத்தில், "பிளேயர் சூடாயிருச்சு" என்று அணைத்துவிடுவேன். கடைசிப் பத்து நிமிடத்தைக் காட்டாமலே டிவிடியோடு விமானம் ஏறிவிடுவேன். பிறகு அவள்தான் போன் போட்டு, கொலைகாரன் யாரென்று தெரியாமல் தூக்கமே வரவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்க வேண்டும்.

லீவு முடிய பத்து நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை தொடங்கினேன். இத்தாலிப் பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து. எழுத்தைப் படித்து அர்த்தம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். படிக்கட்டில் ஒருத்தன் ஒரு பெண்ணின் காதருகே குனிந்து என்னமோ சொன்னான். சாவியை எங்கே ஒளித்து வைத்தாய் என்று எழுத்து ஓடியது.

"உன்ன விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லன்னு சொல்லுதான்" என்றேன்.

பாஹிமா திரையையே பார்த்தாள். "கத்திய வச்சிக்கிட்டா சொல்லுதான்?"

இத்தாலிக்காரர்களுக்குப் பாசம் வந்தால் கொஞ்சம் வேகமாகத்தான் வரும் என்று விளக்கினேன்.

அதன்பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. போலீஸ்காரன் செத்தவளின் முகவரி கேட்டால், "நீ இல்லாத ஊர்ல எனக்குச் சோறு இறங்கலன்னு சொல்லுதான்" என்பேன். டாக்டர் பிணத்தைப் பார்த்துப் பேசினால், "இவள நெனச்சிக்கிட்டே வருசமெல்லாம் ஓடிட்டுன்னு சொல்லுதான்" என்பேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறாவது நாள் நான் கூப்பிடும் முன்பே இரண்டு கிளாஸ் தேயிலைத் தண்ணியோடு வந்து உட்கார்ந்தாள். ஏழாவது நாள் தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தாள். எட்டாவது நாள் ஒருத்தியின் கழுத்து மாலை அறுந்து முத்தெல்லாம் படியில் உருண்டபோது, இது கடல் முத்தே இல்லை, எல்லாம் ஒரே அளவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். அன்றைக்குப் பிளேயர் இருபது நிமிடம் வரை சூடாகவில்லை.

கிளம்பும் நாளில், முடிவை அடுத்த லீவில் பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் கெஞ்சுவாள் என்று பார்த்தேன்.

"சரி மச்சான், அவசரம் என்ன இருக்கு" என்றாள். டிவிடியையும் அவளே பெட்டியில் எடுத்து வைத்தாள்.

ஷார்ஜாவுக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று. தினமும் பேசினாள். மாமியாரின் முழங்கால் வந்தது, தண்ணீர் வராதது வந்தது, கொலைகாரன் மட்டும் வரவில்லை. எட்டாவது நாள் மதிய இடைவேளையில் நானே தோற்றுப்போய்க் கேட்டேன். கொலை செய்தது யாரென்று தெரிந்துகொள்ள உனக்கு ஆசையே இல்லையா?

தெரியுமே என்றாள். இரண்டாவது நாளே, வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகைக்குப் போய், அப்படியே என்னைப் பெற்ற உம்மா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள், முழுப்படத்தையும் பார்த்துவிட்டாளாம்.

எழுத்தை யார் படித்துச் சொன்னது என்று கேட்டேன்.

"யுஸ்ராவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வீட்டுல யாரு இருந்தா? பன்னெண்டாவது வரைக்கும் அவகூட உக்காந்து நானும் படிச்சேன்."

காது சுட்டது. முகவரி, பிணம், சாவி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. "அப்புறம் எதுக்குளா தினமும் வந்து உக்காந்தே?"

அவள் போனோடு கொல்லைப்பக்கம் போனாள் போல, பின்னால் காக்கா கத்துவது கேட்டது.

"நீங்க சொன்ன அர்த்தத்தக் கேக்கத்தான். பதினெட்டு வருசத்துல ஒரு தடவயாவது போன்ல அப்படிப் பேசியிருக்கீங்களா?"

போகிற போக்கில் கேட்பது மாதிரி, அப்படியானால் கொலைகாரன் யார் என்றேன்.

"வந்து கேளுங்க, சொல்லுதேன்."

அறைக்கு ஓடிப்போய் டிவிடி உறையைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றான் அஃப்ஸல். போனைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். அவள் வாயால் கேட்க வேண்டியதை வேறு யாரிடமோ கேட்க மனம் வரவில்லை.

மறுநாள் மேனேஜரிடம், வீட்டில் ஒரு கொலை விஷயம், அவசர லீவு வேண்டும் என்று சொன்னேன். அவர் பதறி எழுந்து, கொன்றது யார் என்று கேட்டார்.

"அது என் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும் சார்" என்றேன்.