மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்

ஆரம்பப் பள்ளி என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு தலைமையாசிரியை இருப்பார், ஒரு வாட்ச்மேன் இருப்பார், வாசலில் ஒரு ரூல்ஸ் அக்கா இருப்பார். முதல் இருவரையும் யாராவது நியமிக்க வேண்டும். அவர்களுக்கு விடுப்பு உண்டு, ஓய்வு உண்டு, ஓய்வுபெற்றுப் போனபின் வேறு ஆள் வரும்வரை நாற்காலி காலியாகக் கிடப்பதும் உண்டு. ரூல்ஸ் அக்கா தானாக முளைப்பவர். அந்த இடம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

உங்களுக்கும் தெரிந்தவர்தான். அவர் ஆசிரியை இல்லை, பெற்றோர் சங்கத்தில் பொறுப்பும் இல்லை. அவருடைய பையன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான், அவ்வளவுதான் அவருக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று அவர்களைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறெப்படிக் கூப்பிடுவது என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

பள்ளி ஒன்று சொன்னால் அக்கா அதற்குக் கை கால் வைத்து நடக்கவிடுவார். தண்ணீர்ப் புட்டியில் பெயர் எழுதுங்கள் என்று பள்ளி சொன்னால், புட்டியில் எழுதினால் போதுமா, மூடி தனியாகக் கழன்று போகாதா, மூடியில் எழுதினால் வார் என்ன பாவம் செய்தது என்று கேட்டு, மூன்றிலும் எழுத வைத்துவிட்டுத்தான் ஓய்வார். கறுப்புக் காலணி என்றால் அடிப்பாகமும் கறுப்பு. காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றால், காலையில் வாசலில் நின்று வருகிற பிள்ளைகளின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் கண்டுபிடித்த காய்ச்சல்களில் பாதி உண்மையான காய்ச்சல்.

"நான் சொல்லல, ஸ்கூல் சொல்லுது." இது அவர் காலை வணக்கம் சொல்கிற விதம். "தெரியாம செஞ்சிருப்பீங்க, பரவாயில்ல. இப்போ தெரிஞ்சுடுச்சில்ல?" இது மன்னிப்பு. பெற்றோரின் கைபேசிக் குழுவில் யாராவது அப்பாவியாக, நாளைக்குப் பள்ளி உண்டா என்று கேட்டுவிட்டால், "மேல போய்ப் பாருங்க, போட்டிருக்கேன்" என்பார். மேலே போனவர்கள் அவர் போட்டதையெல்லாம் கடந்து அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாளை வந்துவிடும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், வாசலுக்கு எதிரே தெருவின் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு கிடந்தது. பள்ளியின் இரும்புக் கதவிலிருந்து ஒரு லாரியை நிறுத்துகிற தூரம் இருக்கும். கோட்டின் நடுவில், பள்ளிக்கு எதிர்ப்பக்கம் காட்டுகிற ஒரு அம்பு. அம்புக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று என்ற எண்.

பெற்றோர் கோட்டைச் சுற்றி நின்றார்கள். அக்கா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு, பெயின்ட் காய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டார். நிமிர்ந்தபோது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

"பேரன்ட்ஸ் எல்லாம் இதுக்குப் பின்னால நிக்கணும்."

"யாரு சொன்னாங்கக்கா?" என்று கேட்டார் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு மகள்.

"சொல்லணுமா? கோடு போட்டிருக்காங்களேண்ணே. அம்பு எந்தப் பக்கம் காட்டுது பாருங்க. அந்தப் பக்கம் போங்கன்னு அர்த்தம்."

"அப்போ இந்த மூணு?"

"மூணாங்கிளாஸ் இங்க. நடுவுல." அக்கா வட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தன் பையனின் வகுப்புக்கு நடு இடம் கிடைத்ததில் அவருக்குப் பெருமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கிடைத்த பொறுப்பை ஏற்றுக்கொண்டவரின் முகம்தான் இருந்தது.

ஒரே வாரத்தில் கோடு எல்லோருக்கும் பழகிப்போயிற்று. இரண்டு சக்கர வண்டிகள் அதன் பின்னால் வரிசையாக நின்றன. ஒருவருடைய செருப்பு நுனி கோட்டைத் தொட்டால் அவராகவே "சாரி" என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார். யாரிடம் சாரி? கோட்டிடம்தான். பேரனை அழைத்துப் போக வருகிற தாத்தா ஒருவரின் கைத்தடி ஒரு நாள் கோட்டைத் தாண்டி ஊன்றியிருந்தபோது, அக்கா தாத்தாவைக் கண்டிக்கவில்லை. கைத்தடியைப் பார்த்துத்தான் பேசினார்.

உள்ளே மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த தலைமையாசிரியைக்கு, முன்பெல்லாம் கதவை மொய்த்துக்கொண்டு நின்ற பெற்றோர் இப்போது எட்டிப்போய் நிற்பதன் காரணம் புரியவில்லை. பள்ளி மீது ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் கீழே இறங்கி வந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிரித்துப் பார்த்தார். கூட்டம் ஓரடி அசையவில்லை. என்ன வருத்தம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அவரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தத் தையல்காரி வந்து சேர்ந்தாள். வீடு மாறியதால் மகளை நடுவாண்டில் இந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். துணிக்கடை ஒன்றின் பின்னறையில் கால்சட்டைக்கு நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவள் வேலை. அளவெடுக்கும்போது ஆளைப் பார்க்கமாட்டாள், அளவு நாடாவைப் பார்ப்பாள். பேச்சு வாய்க்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு, வெளியே வரலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வரும். ஆளும் குள்ளம்.

மகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மணி அடித்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியை கட்டட வாசலுக்குக் கூட்டிவரும்போது, அம்மாவின் முகம் கண்ணில் பட்டால்தான் பிள்ளை படியிறங்கும். பழைய பள்ளியில் அம்மா இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை ஓடிவரும். இங்கே அம்மாவுக்கு முன்னால் கோடு இருந்தது, கோட்டின் ஓரத்தில் உயரமான அப்பாக்கள் இருந்தார்கள். அவள் எம்பிக் கையை ஆட்டினாள். அங்கே எல்லோரும்தான் கையை ஆட்டினார்கள். பிள்ளை கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதது. கூட்டம் கலைந்து அம்மா தெரிகிறவரை ஆசிரியை அந்தப் பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் வாரம் ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு நல்லா படிக்கிறா. ஆனா தினமும் இப்படி அழுதா நான் என்ன பண்றது? மத்த பிள்ளைங்களும் பாத்து அழ ஆரம்பிக்குதுங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள பழகலன்னா மழலையர் வகுப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அங்கதான் அம்மாங்கள உள்ளயே விடுவோம்."

"ஒரு வருஷம் வீணாப் போயிடுமே மிஸ்."

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்டது: "நீ ஏம்மா கிட்ட வர மாட்டேங்குற?"

"கோடு போட்டிருக்காங்கடா கண்ணு."

"அது தரையிலதானே இருக்கு. தாண்டினா என்ன?"

தையல்காரி மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

மறுநாள் அவள் கடையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வந்து, பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ரூல்ஸ் அக்காவின் முன்னால் நின்றாள்.

"அக்கா, என் பொண்ணுக்கு என் முகம் தெரியணும். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் முன்னால போய் நின்னுக்கட்டுமா?"

அக்கா அவள் தோளில் கை வைத்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். "உன் கஷ்டம் எனக்குப் புரியாம இருக்குமா தங்கச்சி? ஆனா உனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அப்புறம் கோடு எதுக்கு?" கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணு. குடை இருக்கா? நல்ல பளிச்சினு கலர்ல ஒண்ணு எடுத்துட்டு வா. தூக்கிப் பிடி. பிள்ள அடையாளம் கண்டுக்கும்."

தையல்காரி கடை முதலாளியிடம் சிவப்புக் குடை ஒன்றை இரவல் வாங்கி வந்து விரித்துப் பிடித்தாள். சிவப்பு நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த முகம்தான் முன்னைவிட இருட்டிப்போயிற்று. அதைப் பார்த்து மழை வரப்போகிறது என்று நினைத்த நான்கு பேர் தங்கள் குடைகளையும் விரித்தார்கள். கம்பி ஒன்று வேன்காரரின் காதைப் பதம் பார்த்தது. அன்று மாலையே குழுவில் அக்கா ஒரு செய்தி போட்டார்: மழை இல்லாத நாளில் கோட்டருகே குடை விரிக்கக் கூடாது. யாருடைய யோசனையால் குடை வந்தது என்று செய்தியில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாரத்தின் கடைசி நாள். மணி அடிக்கிற நேரம். கடப்பாறையும் மண்வெட்டியுமாக ஒரு சிறு வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். மூத்தவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஏங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றார் அக்கா.

"எந்தக் கோடு?"

"நீங்க மிதிச்சிட்டு நிக்கிற கோடு."

அந்த ஆள் குனிந்து பார்த்தார். "இதுவா? இது நாங்கதான் போட்டோம்க்கா. கீழ தண்ணிக் குழாய் போகுது. தோண்டறதுக்கு அடையாளம்."

"அம்பு?"

"தண்ணி போற பக்கம்."

"மூணு?"

"மூணாவது வால்வு."

கைத்தடித் தாத்தா மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். வேன்காரர் காதைத் தடவிக்கொண்டே, "அப்போ நாம இத்தன நாளா வால்வுக்குக் காவல் நின்னிருக்கோம்" என்றார்.

மற்றவர்களாக இருந்தால் வெட்கத்தில், குழி தோண்டுவதற்கு முன்பே அதில் இறங்கியிருப்பார்கள். ரூல்ஸ் அக்கா அந்த வகை இல்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

"ஸ்கூல் வாசல்ல யாரையும் கேக்காம கோடு போட்டது உங்க தப்பு" என்று அந்த ஆளிடம் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யாரு போட்டா என்ன, நல்ல கோடு. அவங்க வேலைய முடிக்கட்டும், நாம எப்பவும் போல பின்னாலயே நிப்போம். ஒரு ஒழுங்கு வந்திருக்கு, அத விட்டுடக் கூடாது."

இப்போது நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அல்லது உடனே நம்பிவிடுவீர்கள். கூட்டம் அப்படியே நின்றது. குழாய்க்காரர் சொன்னதைக் கேட்டவர்கள், கேட்டுத் தலையாட்டியவர்கள், வேன்காரர் உட்பட ஒருவரும் காலை எடுத்து முன்னால் வைக்கவில்லை. முதல் ஆளாகப் போவது நமக்கு எதற்கு என்ற நினைப்பு ஒவ்வொருவருடைய செருப்பிலும் ஆணியடித்தது போல இருந்தது.

மணி அடித்தது. கட்டட வாசலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கடைசியில், இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தையல்காரியின் மகள். பக்கத்தில் ஆசிரியை. அவர் முகத்தில், ஆயிற்று, நம்மால் ஆனதைப் பார்த்தோம் என்கிற களைப்பு. அடுத்த வாரம் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

தையல்காரி காலைத் தூக்கினாள். கோட்டை மிதிக்காமல் தாண்டினாள். அந்த நேரத்திலும் மிதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் "தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். இரும்புக் கதவு வரை நடந்து போய், இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள்.

பிள்ளையின் கை சட்டத்தை விட்டது. ஓடக்கூட இல்லை. தினமும் அப்படித்தான் வருவது போலப் படியிறங்கி, பையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது.

"அட, இவ்வளவுதானா?" என்றார் ஆசிரியை. "இத்தன நாள் எங்கம்மா இருந்தீங்க?"

"அங்கதான் மிஸ்" என்றாள் அவள்.

மழலையர் வகுப்புப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த வாரம் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மூடினார்கள், கோடும் போயிற்று. பெற்றோர் மறுபடியும் கதவை மொய்த்தார்கள். ரூல்ஸ் அக்கா, இப்படித்தான் ஆகும் என்று அன்றே சொன்னேனே என்ற முகத்தோடு ஓரமாக நின்றார்.

தையல்காரி முன்னதாகவே வந்து தன் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் கடையில் ஜிப் ஒன்று மல்லுக்கட்டியதில் வரத் தாமதமாகிவிட்டது. அவள் இடத்தில் புதிதாக ஒரு அப்பா நின்றிருந்தார். பேக்கரியில் வேலை செய்கிறவர், கையெல்லாம் மாவு, அகலமான முதுகு. மணி அடிக்கப் போகிறது. வாய்க்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வரும் அவள் பேச்சு, அன்று நேராக வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், சட்டையின் தைப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, இந்த இடம் ஒண்ணாங்கிளாஸ் அம்மாங்களுக்கு."

"அப்படிங்களா? தெரியாதுங்க. புதுசு." அவர் உடனே நகர்ந்துகொண்டார். அவரோடு, அவள் எதுவுமே சொல்லாத வேறு இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது, யாரென்றே தெரியாத ஒரு அம்மா அவளை நிறுத்தினாள்.

"அக்கா, அப்போ ரெண்டாங்கிளாஸ் எங்க நிக்கணும்?"

அந்த அம்மா அவளைவிட மூத்தவள். தையல்காரி ஒரு கணம் தயங்கினாள். கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஓரிடத்தைக் காட்டினாள். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு அங்கே போய் நின்றாள், பள்ளி விட்டுப் பிள்ளைகளெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தபோதிலும்.

நீங்கள் இதைப் படித்து உதட்டோரம் சிரிப்பது தெரிகிறது. உங்கள் தெருப் பள்ளியிலும் இப்படி ஒருத்தி உண்டு என்று நினைத்திருப்பீர்கள். பெயர்கூட நாக்கு நுனியில் வந்திருக்கும். இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனையிலோ, வங்கியிலோ, பள்ளி வாசலிலோ, புதிதாக வந்த ஒருவர் உங்களைப் பார்த்து, "இங்க எங்க நிக்கணுங்க?" என்று கேட்பார். எத்தனையோ பேர் இருக்க உங்களைப் பார்த்து ஏன் கேட்டார் என்பது ஒரு புறம் இருக்கட்டும். "தெரியலைங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

வாய் வருகிறதா?