கண்ணாடிக்குக் காட்டிய இ-சிம்

முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். அதில் பாதி நாள் போட்டிச் சந்தையைப் பற்றித்தான். அந்தப் போட்டியை வீட்டில் நடத்திப் பார்க்கப் போய், பெற்ற மகள் கூப்பிட்டபோது இல்லாமல் போனேன். மறைத்துப் பயனில்லை.

மாநில எல்லையை ஒட்டிய மத்திகிரியில் என் கட்டிலில் படுத்திருப்பேன். கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்று போனில் செய்தி வரும். (புரண்டு படுத்தால் தமிழ்நாடு.) பேச்சு பாதியில் அறுந்துவிடும். கம்பெனியை மாற்றலாம் என்றால் கடை, வரிசை, கைரேகை, காத்திருப்பு. விரல்நகம் அளவு பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து ஆயுளுக்கும் கட்டிப்போட்டிருக்கிறார்களே என்று வயிறு எரியும்.

அன்று மகள் பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாளைக்குத்தான் என்று டாக்டர் சொன்னதால், மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, போனைக் கையிலயே வெச்சிருங்க. வலி வந்தா அப்பா பக்கத்துல இருக்கணும்னு சொல்றா. அப்புறம்..."

அறுந்தது. கர்நாடகம் வரவேற்றது. நேராகக் கம்பெனிக் கடைக்குப் போய்க் கத்தினேன்.

கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "இ-சிம்முக்கு மாறிக்குங்க சார். போனுக்குள்ளயே இருக்கும், பிளாஸ்டிக்கே வேணாம். கூடவே இன்னொரு கம்பெனியும் வெச்சுக்கலாம். எதுல சிக்னல் இருக்கோ அதுல பேசுங்க."

"அப்போ நீங்கல்லாம் எனக்காக அடிச்சுக்கணும்?"

"அப்படியும் சொல்லலாம் சார்."

"உக்காந்த இடத்துலயே கம்பெனி மாத்த முடிஞ்சா, நாளைக்கு உங்க முதலாளி என் வாசல்ல வந்து நிப்பாரும்மா!"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். (கொசு அடித்திருக்கலாம்.)

வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பித்தேன். மின்னஞ்சலில் கியூஆர் கோடு வந்து இறங்கியது. அடுத்த நிமிடம் பழைய சிம் செத்தது. கோடு இருப்பதும் அந்தப் போனில், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அந்தப் போன். கோட்டைத் திறந்தால் கேமரா இல்லை. கேமராவைத் திறந்தால் கோடு இல்லை. பீரோக் கண்ணாடி முன் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஒரு கிழவன்தான் தெரிந்தான்.

விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஒரு கம்பெனியிடம் தோற்பதா என்ற வீம்பு.

பக்கத்து வீட்டு முருகன் திருநெல்வேலிக்காரர். ஷிப்ட் முடிந்து சாயங்காலம்தான் வந்தார். "சார், என் போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சிச்சு. இதுக்கா காலையிலேருந்து நிக்கிய?" நெட்டும் அவரே கொடுத்தார்.

சிக்னல் வந்தது. முதல் அழைப்பு மனைவி.

"எங்க தொலைஞ்சீங்க? மத்தியானமே பொண்ணு பொறந்தாச்சு. ஆபரேஷனுக்குக் கொண்டுபோறப்ப அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே போனா."

"இல்ல, கம்பெனிகளுக்குள்ள போட்டி வந்தா..."

"போட்டியத் தூக்கிக் குப்பையில போடுங்க. துணியக் கொண்டாங்க."

கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பழைய சிம்மைக் கொல்ல ஒரு நிமிடம் போதும். நடுவில் மாட்டியவனைத் தூக்கிவிட ஆளில்லை. ஆனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி இல்லை, நான்.

இப்போது என் போனில் இரண்டு கம்பெனிகள். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கர்நாடகத்துக்கு வரவேற்கின்றன.

பேத்திக்கு இரண்டரை வயது. அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் வாசலில் நுழைந்ததும் பொம்மைப் போனைக் காதில் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு சொல்கிறாள்:

"தாத்தா எடுக்கல."