அனுப்பலாமா? நிச்சயமாகவா? யார் சொன்னது?

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். கம்ப்யூட்டர் படிக்காதவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

ஐம்பத்தெட்டு வயதுக்குக் கீழே உள்ள மருந்து குடோன் ஊழியர்கள் எல்லோரும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் புரோகிராமிங் சான்றிதழ் வாங்க வேண்டும், வாங்காதவர்கள் லாரி மேடையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றப்படுவார்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு போட்டது தாங்கள். பட்டியலில் என் பெயரை முதலாவதாக எழுதியதும் தாங்கள். “மாப்பிள்ளை, இதெல்லாம் ஜுஜுபி. ஆறு மாசம் உக்காந்து எந்திரிச்சா முடிஞ்சு போச்சு”ன்னு சொன்னீங்க. உக்காந்துட்டேன் மச்சான். எந்திரிக்கத்தான் முடியல. அந்த பெஞ்சு அப்படி. எனக்கு இடுப்பு வலி இருப்பதும் டாக்டர் பெல்ட் போடச் சொன்னதும் தங்களுக்குத் தெரியும். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு லாரி மேடையில் நான் என்னத்தைத் தூக்குவேன்?

முதல் நாளே விதி சிரித்துவிட்டது. வாசலில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “பையனுக்கு அட்மிஷனா சார்?” என்றாள். “எனக்குத்தாம்மா” என்றேன். அவள் பாவம், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வகுப்புக்குள் நுழைந்தால் இருபத்தாறு பிள்ளைகளும் எழுந்து நின்று “குட் மார்னிங் சார்” என்கிறார்கள். நான் என்ன சொல்ல? இருபத்தேழு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த வாய், அதுபாட்டுக்கு “உட்காருங்க” என்றுவிட்டது. உட்கார்ந்தார்கள். நானும் மேடையில் நின்றேன். அவர்கள் என்னைப் பார்க்க, நான் அவர்களைப் பார்க்க, பத்து நிமிஷம் போயிற்று. உண்மையான டீச்சர், இருபத்து நாலு வயசுப் பெண், உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்தாளாம்.

அடுத்தது சிவப்பு எழுத்து. நாம் எழுதுவதில் ஒரு புள்ளி குறைந்தாலும் கம்ப்யூட்டர், இத்தனாவது வரியில் பிழை என்று சிவப்பில் காட்டும். மச்சான், என் சர்வீஸ் புத்தகத்தில் இதுவரை ஒரு சிவப்பு மை கிடையாது. நாற்பத்தோராம் வரியில் பிழை என்று வந்ததும், மெமோ வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். “மேற்படி வரியில் நேர்ந்த பிழை வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல, இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்” என்று விளக்கக் கடிதம் எழுதி, மூன்று நகல் எடுத்து, டீச்சர் மேசையில் வைத்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பக்கத்து பெஞ்சில் பியூட்டி பார்லரை மூடிவிட்டுப் படிக்க வந்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். “அண்ணே, அது மெஷின்ணே. அதுக்குப் போய் ஏன் பயப்படுறீங்க?” என்கிறார். மனுஷனாக இருந்தால் காலில் விழுந்திருப்பேனே! மெஷினுக்கு ஏது கால்?

பிறகு பிரின்டர் சமாசாரம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல ஒரு வழி உண்டு. எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நாமே எழுத வேண்டுமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. நம் குடோனில் மேலிடம் சொல்லாமல் யார் வேலையை நிறுத்தினார்கள்? பயிற்சிக்காக என் பெயரையும் வரிசை எண்ணையும் அச்சடிக்கச் சொன்னேன். அது கல்லூரி முதல்வர் அறை பிரின்டருக்குப் போயிருக்கிறது. பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லையென்று நானும் கைகட்டி நின்றேன். அறையில் இருந்த காகிதம் முழுக்கத் தீர்ந்த பிறகு முதல்வர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “இந்தப் பேர்ல இங்க யாராவது எலெக்ஷன்ல நிக்கிறாங்களா?” என்று கேட்டார். என் மானம் அன்றோடு போயிற்று.

வீட்டில் உங்கள் தங்கை வேறு. தெரு முழுக்க “அவரு கம்ப்யூட்டர் படிக்கிறாரு” என்று சொல்லிவைத்திருக்கிறாள். சாயங்காலம் நான் வந்ததும் என் நோட்டை வாங்கி, ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும், துணி தைத்தபின் பட்டனை எண்ணுகிற மாதிரி வரிக்கு வரி பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். எல்லா வரிக்கும் கடைசியில் ஒரு குறி இருக்கிறது, இந்த வரிக்கு மட்டும் இல்லையே என்று வட்டம் போடுவாள். அந்த நாற்பத்தோராம் வரியில் என்ன குறை என்று கண்டுபிடித்தது அவள்தான். இத்தனை நாள் நான் ஓட்டிக்கொண்டு வந்தது அந்தப் பென்சிலால்தான் மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நேற்று கடைசிப் பரீட்சை. குடோனிலிருந்து பெட்டி வெளியே போவதற்கு ஒரு புரோகிராம் வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பரீட்சை விஷயத்தை வீட்டில் காட்டுவது முறையல்ல என்று நானே முடிவு செய்து அவளிடம் காட்டவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ போனில் “அனுப்பிடுங்க” என்றார்கள் என்று நான் லாரியை அனுப்பி, குழந்தைகள் மருந்து வேறு ஊருக்குப் போய், ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு நாள் அலைந்தது தங்களுக்கு நினைவிருக்கும். வாய்மொழி எச்சரிக்கையோடு விட்டார்கள். அன்றிலிருந்து மூன்று தடவை கேட்காமல் நான் ஒரு பஞ்சுப் பொட்டலத்தைக்கூட வெளியே விட்டதில்லை. புரோகிராமையும் அப்படியே எழுதினேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பட்டனை அழுத்தினார். “அனுப்பலாமா?” என்று கேட்டது. ஆம் என்றார். “நிச்சயமாகவா?” என்றது. ஆம். “யார் சொன்னது?” என்றது. சிரித்துக்கொண்டே “நான்தான்” என்று அடித்தார். “தங்கள் பதவி?” என்றது. அவர் சிரிப்பு அங்கே நின்றது. பதவி, துறை, துறைத் தலைவர் எல்லாம் கேட்டு முடித்து, “கையெழுத்து இல்லை. நாளை வரவும்” என்று சொல்லி அணைந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு மெமோவே தேவலை.

வெள்ளிக்கிழமை முடிவு. முடிவு என்ன முடிவு, தெரிந்ததுதானே. எனக்கு இது வராது மச்சான். தோற்றுப்போனவன் என்று பட்டியலில் ஏறுவதற்கு முன் தாங்களே என்னை லாரி மேடைக்கு மாற்றிவிடுங்கள். கண் பார்வை சரியில்லை என்று ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தங்கையிடம் கல்லூரியையே மூடிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெட்டி தூக்கி இடுப்பு போனாலும் போகட்டும், அவள் தெருவில் தலை குனிய வேண்டாம். ஒரு பொய்தானே, மச்சானுக்காக மச்சான் சொல்லக்கூடாதா?

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும், இதை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
இடுப்பு வலிக்கார மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளது பத்து நாள் பழசு. நான் உறை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. வழக்கம்போல வரிக்கு வரி பென்சில் புள்ளி வைத்திருக்கிறாள். “எனக்கு இது வராது” என்ற இடத்தில் மட்டும் வட்டம். கடிதத்தைப் பாருங்கள், இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எக்ஸாமினர் எழுதியிருந்தார்: “அனுமதி இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாத புரோகிராம் இந்த வகுப்பிலேயே இது ஒன்றுதான். ஆனால் அனுமதி இருந்தாலும் போகவில்லை. திருத்திக் கொண்டு வரவும்.” நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தங்கை நோட்டைப் பிடுங்கி ஒவ்வொரு கேள்வியாக என்னிடம் அர்த்தம் கேட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே போய், கடைசியில், “ஏங்க, எல்லா எடத்துலயும் கேள்வியா கேட்டிருக்கீங்க. ‘சரி, போ’ன்னு எங்கயுமே சொல்லலையே?” என்றாள். ஒரே ஒரு வரி சேர்த்தேன். பெட்டி போயிற்று. நானும் தேறிவிட்டேன். ஆகவே லாரி மேடை, கண் பார்வை, பொய் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. உத்தரவு இப்போது தலைமை அலுவலக ஊழியர்களுக்கும் வந்து, அடுத்த வகுப்புப் பட்டியல் கல்லூரிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முதல் பெயர் தங்களுடையது. தங்களுக்கு ஐம்பத்தேழுதான் என்பதை அன்றைக்கு மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆறு மாதமும் நம் வீட்டிலேயே தங்கலாம். உங்கள் தங்கை மாடி அறையைத் துடைத்துவிட்டு இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை தாங்கள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். “உட்காருங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.