அப்பீல் அண்ணை படலைக்கு வந்தால்

மின்னஞ்சலில் இரண்டு வரியோடு முடிகிற வேலைக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பீல் அண்ணை ஒருவர்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எங்கள் ஓப்பன் சோர்ஸ் குழு கூடும். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்கிற மென்பொருள்களைச் செய்கிற கூட்டம். ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிற இளசுகளில் ஒருவரைத் தெரிந்தெடுத்து வழிகாட்டுவோம். இடம் ஒன்று, விண்ணப்பமோ குவியும். முடிவு வந்த மறுநாளே சண்டை தொடங்கும். இடம் கிடைக்காதவர்களின் முறையீட்டைக் கேட்டுச் சண்டை தீர்ப்பவர் அண்ணை; அதனால்தான் அப்பீல் அண்ணை. எனக்கு அங்கே சாரதி வேலைதான்.

"கலியாணத்துக்கு நேரிலை போய்ச் சொல்லாட்டில் கோவிக்கிற சனம். இடமில்லை எண்டதை மெயிலிலை சொன்னால் விடுமோ?" என்று என் மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார்.

வட்டுக்கோட்டையில் ஒரு நாய் அவரை வாசல் படலையிலிருந்து வயல்வரை வழியனுப்பி வைத்தது. இன்னொரு வீட்டில் தகப்பன் மகனின் சாதகத்தையே விரித்துவிட்டார். "வியாழன் உச்சத்திலை நிக்குது. எப்பிடித் தட்டிக் கழிப்பியள்?"

"வியாழன் நிக்குது ஐயா, தம்பியின்ரை புரோகிராமும் நிக்குது. ஓடேல்லை" என்றார் அண்ணை.

உடுப்பிட்டியில்தான் வசமாக மாட்டினார். வேட்டியைக் கண்ட தாய், சம்பந்தம் பேச வந்தவர் என்று நினைத்துப் பலகாரத் தட்டத்தோடு வந்துவிட்டார். அண்ணை பயித்தம் பணியாரத்தைக் கடிக்கும்போது மகள் துளசி மடிக்கணினியோடு வந்தாள்.

"அண்ணை, நான் செய்த திருத்தமெல்லாம் உங்கடை மென்பொருளிலை இப்பவே ஓடுது. தெரிவான ஆளின்ரை ஒண்டும் ஓடேல்லை. பிறகு எப்பிடி அவர் முதலாவது?"

தெரிவானவன் அண்ணையின் தங்கை மகன். அவனுக்குப் புள்ளி போடும்போது, நியாயம் கெடக்கூடாதென்று அண்ணை அறையை விட்டே வெளியே போய் நின்றவர். மாடி அறைக்குத் திரும்பியதும் புள்ளி போட்ட வழிகாட்டிகளைப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோடா."

ஒருவன் தலையைச் சொறிந்தான். "உங்கடை மருமோன் எல்லே அண்ணை... மரியாதைக்குக் கொஞ்சம் கூடப் போட்டிட்டன்."

"நீயுமோ?" என்றான் மற்றவன். ஒருவருக்கொருவர் சொல்லாமலே எல்லோரும் மரியாதை செய்திருக்கிறார்கள்! அண்ணை கத்திய கத்தில் கீழ்க்கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

துளசியையும் மருமகனையும் அறியாத வெளியூர்க் குழுவுக்கு, பெயர்களை மறைத்து இருவரின் வேலையையும் அண்ணை அனுப்பினார். இடம் துளசிக்குப் போனது.

அதைச் சொல்லத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். "இதையாவது மெயிலிலை சொல்லுங்கோ அண்ணை, குடும்பம் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினேன்.

"ஊரார் பிள்ளையளுக்கு நேரிலை சொன்ன நான், என்ரை பிள்ளைக்கு ஒளிச்சு நிண்டு சொல்லுறதோ?"

தங்கை படலையைத் திறக்கவில்லை. அண்ணை வேலிக்கு மேலால்தான் சொன்னார். உள்ளே ஒரு பானை விழுந்தது. மருமகன் மட்டும் வெளியே வந்தான். "பரவாயில்லை மாமா. எனக்கு எங்கை பிழைச்சதெண்டு காட்டுங்கோ." இருவரும் வேலியோரம் குந்திவிட்டார்கள்.

தங்கை இன்னும் அவரோடு கதைப்பதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணை சேலை வாங்கிப் போய்ப் படலையில் தொங்கக் கொழுவிவிட்டு வருகிறார். திரும்பும் வழியில் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். கேட்டால் தூசி என்பார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் அந்த நேரத்தில் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவேன்.