அதனதன் இடத்தில்

வாசல் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரை அதிர மிளகு அழுதுகொண்டிருந்தாள். மணி எட்டே முக்கால். பத்தரை மணிக்கு அவளுடைய அப்பா இருநூறு பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு முன்னால் நின்று, குழந்தை ஏன் அழுகிறது என்று விளக்கியாக வேண்டும்.

"தப்பு! தப்பு!" என்று கத்தினாள் மிளகு.

இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன அவளிடம் மொத்தம் அறுபத்தொரு சொற்கள் இருந்தன. அப்பா நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். "தப்பு" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். வீட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

மனைவி அவரை "நிபுணர்" என்றுதான் கூப்பிடுவாள். அது பட்டம் இல்லை, பழிவாங்கல். பாலர் கல்வி வாரியத்தில் அவர் பாடத்திட்ட அலுவலர். கூருணர்வுப் பருவம் என்பது அவருடைய சொத்து. பேச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு பருவம், நடையைப் பிடித்துக்கொள்ள ஒரு பருவம், ஒழுங்கைப் பிடித்துக்கொள்ள ஒரு பருவம். அந்தந்த நேரத்தில் குழந்தை தானாகக் கற்கும், நேரம் தப்பினால் முக்கி முனகிக் கற்க வேண்டும். இதை வைத்து மூன்று ஆண்டில் நாற்பது உரை நிகழ்த்தியிருந்தார். எல்லாமே "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று தொடங்கி, கேட்பவர்களின் கழுத்து வளைந்ததும் முடியும்.

இன்றைய உரை மற்றவை போன்றதல்ல. பயிற்சிப் பிரிவின் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்க வாரியத்தின் சேர்மனே நேரில் வந்து கேட்கப்போகிறார். நிபுணரின் மேசை இப்போது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மேலே யார் ஏறினாலும் அவர் டீயில் தூசி இறங்கும். கதவு வைத்த ஓர் அறை. வாழ்க்கையில் அவர் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"அழாதடா கண்ணு. அம்மா சாயந்தரம் வந்துடுவா."

"தப்பு!"

மனைவி பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். நேற்று வீட்டுக்கே கொண்டுவந்து மெருகேற்றிய ஏதோ அவசர வேலை. ஏழு மணிக்கே பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் போன நிமிஷத்திலிருந்து இந்தக் கச்சேரி. ஆகவே இது பிரிவுத் துயரம் என்று நிபுணர் முடிவு கட்டினார். பிரிவுத் துயரத்துக்குப் பிஸ்கட் கொடுத்தார். சின்ன வாய்க்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டாக உடைத்துக் கொடுத்தார்.

உடைந்த பிஸ்கட்டைப் பார்த்ததும் மிளகு அதுவரை அழுதது வெறும் ஒத்திகை என்று நிரூபித்தாள்.

முழு பிஸ்கட் கொடுத்தார். அதை அவர் சட்டையில் தேய்த்தாள். சட்டையை மாற்றினார். மாற்றிவிட்டு வருவதற்குள் அவர் எடுத்து வைத்திருந்த பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போய்க் கொக்கிக்கு அடியில் நின்றாள். அந்தக் கொக்கிகளையும் நிபுணர்தான் நேற்று சாயந்தரம் அடித்திருந்தார். ஒழுங்குக்கான பருவத்தில் குழந்தைக்கு ஒழுங்கான சூழல் வேண்டும் என்று பழையதைப் பிடுங்கிவிட்டு, புதிதாக வரிசையாக அடித்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டியும் வைத்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கிய இரண்டு கறுப்புப் பைகளையும் சேர்த்துத்தான்.

"பையோட விளையாட இப்ப நேரமில்லடா" என்று பிடுங்கித் தோளில் மாட்டினார்.

சுவரில் இருந்த படம் ஒன்று ஆடியது. அவ்வளவு சத்தம்.

எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விட்டார். "மத்தியானம் வரைக்கும் பாத்துக்கோங்கக்கா. அம்மாவைத் தேடறா."

"நீங்க போங்க தம்பி, நான் மூணு பிள்ளை வளத்தவ."

மூன்று பிள்ளை வளர்த்த அனுபவம் ஒன்பது நிமிஷம் தாங்கியது. பஸ் நிறுத்தத்தில் நின்ற நிபுணரை அக்கா மூச்சிரைக்கத் துரத்தி வந்தாள். இடுப்பில் மிளகு.

"இந்தாங்க தம்பி. செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கினா, சமத்துன்னு விட்டேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் கால்ல போட்டிருந்ததையும் உருவிட்டா. அவர் பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்துட்டார்."

"ஐயையோ! அடிபட்டுதா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா தம்பி, குழந்தை உருவினது நியாயம்தான். அது என் செருப்பு. அந்த மனுஷன் மாத்திப் போட்டிருந்தார். நானே கவனிக்கல."

இந்த இடத்தில் ஒரு நிபுணர் சற்று யோசித்திருக்கலாம். ஆனால் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் மிளகு பையின் வாரைப் பிடித்துத் தொங்கினாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"குழந்தை தப்பு தப்புங்குது. நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க. உங்க குழந்தைதானே?"

"அம்மா, நான் குழந்தைகள் மனசைப் படிச்ச நிபுணர்."

"அப்ப நிச்சயமா உங்க குழந்தை இல்ல."

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவி. எடுக்கவில்லை. குழந்தையின் எதிரில் கைபேசியைத் தொடக்கூடாது என்பது அவர் எழுதிய கையேட்டில் பதினோராவது விதி. பிறகு ஏழு தடவை அதிர்ந்தது. விதியைக் காப்பாற்றிய பெருமிதத்தில் அதை அணைத்தே விட்டார்.

மண்டபத்தில் இருநூறு பேரும் வந்துவிட்டார்கள். மேடையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் விழாவை ஏற்பாடு செய்த அம்மாள்; நகைக்கடை விளம்பரம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் ஒரு தலைமை ஆசிரியை. நடு நாற்காலியில் சேர்மன். கைக்குட்டையால் வாயை இறுக்கிப் பொத்தியபடி, யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சேர்மனுக்குத் தொண்டை சரியில்லையாம். தலைமை உரை கிடையாது" என்று ஏற்பாட்டு அம்மாள் நிபுணரின் காதில் சொன்னார். "ஆனா நீங்க பேசறதைக் கேட்பார். அது சரி, இது யாரு?"

"இது... செயல்முறை விளக்கத்துக்கு."

"அழுதுட்டே இருக்கே?"

"அதுதான் செயல்முறை."

சொல்லி முடித்த பிறகுதான் தன் புத்திசாலித்தனம் அவருக்கே புரிந்தது. அழுகிற குழந்தையோடு மேடை ஏறினார். சேர்மனின் புருவம் ஏறியது. அப்போது சேர்மனின் டிரைவர் மேடை ஓரமாகக் குனிந்து ஓடி வந்தார்.

"மறுபடியும் போய்ப் பாத்துட்டேன்யா. காணோம்ங்கறாங்க. அந்தம்மா பாவம், அழுவுது."

சேர்மன் கைக்குட்டைக்குள்ளேயே உறுமினார். அந்த உறுமல் தனக்குத்தான் என்று நிபுணர் எடுத்துக்கொண்டார். கதவு வைத்த அறை கண்ணெதிரே மெல்லச் சாத்திக்கொள்வது போல இருந்தது.

மைக்கைப் பிடித்தார். "ஐந்தில் வளையாதது..."

"தப்பு!" என்றாள் மிளகு. மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை சிரித்தது.

"குழந்தை ஒன்று சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டு வயதில் ஒழுங்குதான் அதற்கு உயிர். எந்தப் பொருள் யாருடையது, எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நம்மைவிடத் துல்லியமாக அது அறியும். இடம் மாறினால் அழும். நாமோ பசி என்போம், பல் முளைக்கிறது என்போம். மூடர்கள்!"

"தப்பு!" மிளகு பையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் சும்மா இரு, அப்பா பேசறேன்ல!" என்று மூடர்களைப் பற்றிய உரையை நிறுத்திவிட்டு அதட்டினார் நிபுணர்.

முன்வரிசையின் சிரிப்பு பின்வரிசைக்கும் பரவியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதற்கான ஆதாரங்கள் என் குறிப்பில் உள்ளன" என்று பைக்குள் கையை விட்டார். குறிப்பு அகப்படவில்லை. ஏதோ சின்ன டப்பா அகப்பட்டது. என்ன இது என்று எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தி, மூடியைத் திறந்தார்.

மேல் வரிசை, கீழ் வரிசை, முப்பத்திரண்டும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

மண்டபத்தில் ஒரு மூலையில் யாரோ 'களுக்' என்றார்கள். அடுத்த நொடி இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிபுணருக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவே எல்லாம் விளங்கியது. புதுக் கொக்கி. இரட்டைப் பை. அவர் கையாலேயே மாற்றி மாட்டியது. அவசரத்தில் பார்க்காமல் மனைவி அவருடைய பையை எடுத்துக்கொண்டு ஓடியது. எட்டு அழைப்புகள். காலையிலிருந்து அறுபத்தொரு சொற்களில் சரியான ஒன்றைப் பொறுக்கி, இந்தப் பொடிப்பெண் திரும்பத் திரும்பச் சொன்னது.

"என்னை மன்னிச்சுடும்மா" என்று மண்டியிட்டார். மைக்கில் அதுவும் கேட்டது. "நீ சொன்னதுதான் சரி. அப்பாதான் தப்பு."

மிளகு அழுகையை நிறுத்தினாள். அன்றைக்கு முதல் தடவையாக. அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி, பற்களை உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளைப் பார்த்து நடந்தாள்.

ஏற்பாட்டு அம்மாளின் வாயைப் பார்த்தாள். நிறையப் பல். தலைமை ஆசிரியையின் வாயைப் பார்த்தாள். அங்கேயும் இடம் காலி இல்லை. நடு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். சேர்மன், என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், கைக்குட்டையை இறக்கி வாயைப் பிளந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாய்க்குள் ஒன்றுமே இல்லை.

மிளகு டப்பாவை அவர் மடியில் பத்திரமாக வைத்தாள். ஒரு பெரிய வேலை முடிந்த திருப்தியோடு கைகளைத் தட்டிக்கொண்டாள்.

சிரிப்பு பட்டென்று நின்றது. வாரியத்தின் சேர்மனை, இருநூறு பேருக்கு முன்னால், பொக்கை வாய் என்று சுட்டிக் காட்டியாகிவிட்டது. நிபுணர் கண்களை மூடிக்கொண்டார். படிக்கட்டு, தூசி, டீ எல்லாம் வரிசையாக வந்து போயின. இனி அந்தப் படியடி மேசையும் நிலைக்காது.

சேர்மன் டப்பாவின் மூடியைத் திருப்பினார். அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பல் இல்லாத முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேடை ஓரத்திலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மண்டபமே கேட்கும்படி கூவினார்:

"ஐயா, காலையிலேர்ந்து லேபையே புரட்டிப் போட்டுத் தேடறோமே, உங்க பல்லு... அது இதுதான்யா! பாப்பா எடுத்துட்டு வந்து, வைக்க வேண்டிய எடத்துலயே வச்சிருச்சு!"