செப்புக்குடம் சுமந்த ஆராய்ச்சிக்காரி

கண்ணுக்குத் தெரியாததை ஆராய்கிறவர்களுக்குக் கண் முன்னால் இருப்பது தெரிவதில்லை. மற்றவர்களைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் தங்கி, கல்லூரியில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கக் கப்பல்களின் அடியில் செம்பு கலந்த பெயிண்ட் பூசுவார்கள். துறைமுகச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் அந்தச் செம்புக்கும் சாகாமல் இருந்தன. அவற்றுக்குள் ஒரு புரதம் மரபணுவை அடைத்துக்கொண்டு காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் செம்பு வந்து தொட்டதும் அது வழிவிடுகிறது, செம்பை வெளியே தள்ளும் வேலை உடனே தொடங்கிவிடுகிறது என்பது என் கட்சி. (அப்போது வெறும் யூகம். பிறகு யார் யாரோ நிரூபித்துப் பெயர் வாங்கினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, கொஞ்சம்தான்.)

இதைக் காட்ட ஒரு சோதனை வைத்திருந்தேன். ஒரு குடுவையில் செம்பே இல்லாமல் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். இன்னொன்றில் மயில்துத்தம் என்கிற செம்பு உப்பைத் துளி போட்டுப் பழக்க வேண்டும். பிறகு இரண்டிலும் மயில்துத்தத்தை அள்ளிக் கொட்டினால் பழகியது பிழைக்கும், பழகாதது சாகும். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் இதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அவருடைய ஆய்வகத்தில் எனக்கு இடம். பிடிக்காவிட்டால் நாசரேத்தில் அப்பா சொல்லி வைத்திருந்த டீச்சர் வேலை. ஆராய்ச்சியை விட்டால் செத்துப்போவேன் என்று நினைக்கிற வயது எனக்கு.

அந்த வாரம் பார்த்துக் கல்லூரியில் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி கெட்டுப்போனது. குழாய்த் தண்ணீரோ உப்பு. நல்லவேளையாக அத்தை வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் ஜாடி காலி. பக்கத்தில் அத்தையின் செப்புக்குடம், புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று நின்றது.

"ஏளா, மெட்ராஸ்லேருந்து பெரிய மனுசன் வாராருன்னு சொல்லுத. ஜாடியிலயா தண்ணி கொண்டு போவ? ராத்திரியே கொடத்துல ஊத்தி வச்சிட்டேன். நம்ம மரியாதை என்னாவுது?"

"தண்ணி அவருக்கு இல்ல அத்தை, கிருமிக்கு."

"கிருமி குடிச்சது போவ மிச்சத்த அவருக்குக் குடு."

சிரித்துக்கொண்டே குடத்தை மடியில் வைத்து ரிக்‌ஷாவில் போனேன். செம்பைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவள் செப்புக்குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் எடுத்து, அதில் கரைசல் தயாரித்து, குடுவையின் மேல் 'செம்பு இல்லை' என்று அழகாக எழுதி ஒட்டினேன்.

பேராசிரியர் வந்த அன்று, முந்தின நாளே மயில்துத்தத்தைக் கொட்டியிருந்தும் இரண்டு குடுவையும் மோர் மாதிரி கலங்கியிருந்தன. சாக வேண்டியது சாகவில்லை. இனி இந்தப் பெண்ணிடம் கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல அவர், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். மேசையோரம் இருந்த குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் குடத்தைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கரைசலுக்கும் இந்தத் தண்ணிதானா?"

"ஆமாம் சார். சுத்தமான மழைத்தண்ணி. குடத்தைக்கூடப் புளி போட்டுத் தேய்ச்சுத்தான் கொண்டு வந்தேன்."

சொல்லி முடிக்கும்போதுதான், குடத்துச் செம்பு ராத்திரியே தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று எனக்கு உறைத்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்க பாக்டீரியா குடத்தைக் கண்டுபிடிச்சிட்டுதும்மா. நீங்கதான் தூக்கிட்டு வந்தும் கண்டுபிடிக்கலை. உங்க யூகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா? கண்ணாடி ஜாடித் தண்ணியில திரும்பச் செஞ்சு எழுதுங்க."

செய்தேன். பழகாதது ஒழுங்காகச் செத்தது, சென்னையில் எனக்கு இடமும் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க பாக்டீரியாவோடு சந்தோஷமாகவே கழித்துவிட்டேன். இடம் வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள்.

போன வாரம் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப்போட்டேன். இந்தக் குடத்துக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள் நாளிதழிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கிருமிகிட்ட கேளும்மா" என்றாள்.

கண்ணாடி என் நெற்றியில் இருந்தது.