எங்கள் ரோட்டுக்கு ஒரு நிரந்தரப் பந்தல்

திருமங்கலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு,

மச்சான் தவசியின் ஆசீர்வாதம். இங்கே நான் சுகம். உன் அக்கா தங்கப்பொண்ணும் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். பேரையூரில் நீயும் பிள்ளைகளும் உன் பந்தல் கடையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைக்காதே. போனில் பேசினால் அடுப்படியில் இருக்கும் உன் அக்கா காதில் விழுந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பைக்காரன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, ஏதோ கத்திக்கொண்டே நிற்காமல் போனான் இல்லையா, அன்றிலிருந்து அவள் ரோட்டைக் கடக்கவே மாட்டேன் என்கிறாள். அவளுடைய தையல் கடை எதிர்ச்சாரியில்தான், வாசலில் நின்றால் பூட்டுத் தெரிகிறது, ஆனாலும் போகமாட்டாள். "நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், வா"ன்னு கூப்பிட்டேன். "தினம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன எல்கேஜியா"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டா. இருபது வருஷமாக அவள் கையால் நடந்த கடை மாப்ள, பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் நான், ஒரு ரோட்டுக்கு வழி செய்ய முடியாதா என்று தெருக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினேன். கப்பலூர் கம்பெனிக்கு சைக்கிளில் போகிற காசிமாயன், "ஓரமாப் போன்னு எல்லாரும் சொல்றீங்க, ஓரத்துல பூரா உங்க காருதானே நிக்குது, நான் எங்கிட்டுப் போறது?"ன்னான். கார்க்காரர்கள், வாங்கின வண்டியைத் தலையிலா தூக்கி வைப்பது என்றார்கள். நடக்கிறவர்கள் பேசவே இல்லை, ஏனென்றால் நடந்து வந்தவர்கள் ரோட்டைக் கடந்து வந்து சேருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நானும் யோக்கியன் இல்லை. காலையில் வாக்கிங் போகும்போது பைக்காரனைத் திட்டுகிறேன், பத்து மணிக்கு சைக்கிளில் கறிகாய் வாங்கப் போகும்போது பஸ்காரனைத் திட்டுகிறேன், சாயங்காலம் மகன் காரை எடுத்தால் நடக்கிறவனைத் திட்டுகிறேன். ஒரே நாளில் மூன்று கட்சி மாறுகிறேன், மூன்றிலும் நியாயம் என் பக்கமே இருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் பேத்திக்குக் காதணி விழா வந்தது. வழக்கம்போல் பாதி ரோட்டை அடைத்துப் பந்தல். என்ன அதிசயம்! லாரிக்காரன் கூட வேகத்தைக் குறைத்து, பந்தல் காலில் இடிக்காமல், புது மாப்பிள்ளை மாதிரி பதவிசாகப் போகிறான். விசேஷ வீடு என்பதால் ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை. இரண்டாம் நாள் உன் அக்கா தானாகவே ரோட்டைக் கடந்து கடையைத் திறந்துவிட்டாள். மிஷின் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள் பந்தலைப் பிரித்தார்கள், அவளும் மறுபடி வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

நான் விடவில்லை. பந்தல்காரன் கையில் காலில் விழுந்து வாசல் வாழைமரம் ரெண்டை மட்டும் ரோட்டோரம் விட்டுவைக்கச் சொன்னேன். வண்டிகள் மெதுவாகத்தான் போச்சு. ஆனா ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கி நேரா எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு, "பந்தி மாடியிலயாண்ணே?"ன்னு கேட்டாங்க. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப மனசு வராம இட்லி அவிச்சுப் போட்டா உன் அக்கா. நாலாம் நாள் ஒரு மாடு ரெண்டு மரத்தையும் தின்னுட்டுப் போயிருச்சு.

ஆகவே மாப்ள, நீ உடனே ஒரு பந்தலை ஏற்றிக்கொண்டு வா. ஆம்புலன்ஸ் போக இடம் விட்டுக் கால் ஊன்று, அளவு நான் சொல்கிறேன். என்ன விசேஷம் என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். உன் அக்கா கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

உன் மச்சான்,
தவசி.

பி.கு.: தபாலாபீசில் நின்று இதை எழுதுகிறேன். தபால் கட்டு எடுப்பதற்குள் சேர்க்க வேண்டுமே என்று மகன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து வந்தேனா, எங்கள் ரோட்டு முனையிலேயே ஒரு பொம்பளை குறுக்கே வந்துவிட்டாள். பிரேக்கை அழுத்திக்கொண்டு, "வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டேன். பார்த்தால் உன் அக்கா. யாரோ கல்யாணப் பொண்ணு ஜாக்கெட் கேட்டு போனில் அழுதாளாம், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். நடுரோட்டில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கு இடிச்சவனும் இதையேதான் கேட்டான்"னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டா. பந்தல் வேண்டாம் மாப்ள. இனிமேல் எனக்குச் சோறு உண்டா என்று மட்டும் அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்.